வேலை முடிந்த பிறகு தொடங்கும் வேலை

(கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய தொழில் வழிகாட்டல் அமர்வில், வடிவமைப்புத் துறையில் பணியாற்றும் இளைய பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எமது கல்லூரி மேடையில் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் நிர்வாக சேவை அதிகாரிகளும் பேசுவது வழமை. வடிவமைப்பாளர்கள் என்று சொல்லிக்கொண்டு சிலர் ஏறி நிற்பது புதிது. அதிலும் நாங்கள் இத்துறையில் மூத்தவர்கள் அல்லர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு, மூன்று வருடங்களே ஆனவர்கள். சாதனை என்று எடுத்துச் சொல்ல எம்மிடம் அதிகம் இல்லை. அலுவலக நேரம் முடிந்த பின்னரும் விடுமுறை நாள்களிலும் நாங்களாகவே எடுத்துச் செய்த சிறிய வேலைகளைப் பற்றியும், அவற்றில் கற்றவற்றைப் பற்றியும், இறுதியில் சங்கத்திடம் கேட்க விரும்பும் சில விடயங்களைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம்.

முதலில், புதிதாகச் சேர்ந்த ஒரு வடிவமைப்பாளர் அலுவலகத்தில் என்ன செய்கிறார் என்று சொல்லவேண்டும். மூத்தவர் ஒருவர் அமைத்த விளம்பரத்தைப் பத்து அளவுகளுக்கு மாற்றுவது, விலையைத் திருத்துவது, தொலைபேசி இலக்கத்தை மாற்றுவது, படத்தின் பின்னணியை வெட்டி எடுப்பது, இவைதான் நாளாந்த வேலை. இவற்றைக் குறைவாகச் சொல்லவில்லை. இவற்றால்தான் கை பழகுகிறது. ஆனால் வாடிக்கையாளரோடு பேசுபவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர், அச்சகத்துக்குப் போய் நிற்பவர் வேறொருவர். ஒரு வேலையின் நடுத்துண்டு மட்டுமே எமது மேசைக்கு வருகிறது. தொடக்கத்தையும் முடிவையும் நாங்கள் காண்பதில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வேலையைச் சுமந்து பார்க்க விரும்பினால், அதை அலுவலகத்துக்கு வெளியேதான் தேடவேண்டியிருக்கிறது. எம்மில் ஒவ்வொருவரும் அப்படித் தேடிப் போனவர்கள்தான்.

நாங்கள் செய்த வேலைகளில் மூன்றை மட்டும் இங்கே சொல்கிறோம்.

முதலாவது, நினைவு மலர். எமது ஊர்களில் ஒருவர் காலமானால் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளின்போது நினைவு மலர் வெளியிடும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்வெட்டு என்றும் சொல்வோம். குடும்பத்தில் கணினி தெரிந்த பிள்ளை யார் என்று பார்த்து அவளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுப்பார்கள். எமக்கும் அப்படித்தான் வந்தது. சிறிய புத்தகம்தானே என்று தோன்றும். ஆனால் அச்சுத் தொழிலின் பாலபாடம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

தாளை நடுவில் மடித்துக் கம்பி அடிக்கும் புத்தகத்தின் பக்கங்கள் நான்கின் மடங்காக வரவேண்டும். 16 பக்கம் போடலாம், 20 போடலாம். 18 போட முடியாது. அதனால் தேவாரப் பக்கத்தைச் சுருக்குவதா, நன்றி நவிலலை விரிப்பதா என்று முதலிலேயே திட்டமிடவேண்டும். பக்கத்தின் ஓரம் வரை நிறம் வரவேண்டுமானால் வெட்டுக்கோட்டுக்கு வெளியே மேலும் 3 மில்லிமீற்றர் நிறத்தை நீட்டி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் வெட்டும் இயந்திரம் சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியும். கணினித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சயன், மஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் நிறம் தருகிறது. திரையில் பளிச்சென்று இருந்த நீலம் தாளில் மங்கி வருவதன் காரணம் இதுதான். அச்சகங்களில் வேலை செய்யும் அண்ணாமார் இவற்றை இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தி வைத்தே எமக்கு விளக்கினார்கள். எந்தப் பாடநெறியிலும் அவ்வளவு தெளிவாக இதைக் கேட்டதில்லை.

அடுத்தது புகைப்படம். அம்மம்மாவின் படம் வட்ஸ்அப்பில் வரும். அனுப்பும்போதே அந்தச் செயலி அதைச் சுருக்கிவிடும். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 10 சென்ரிமீற்றர் அகலத்தில் அச்சிடுவதென்றால் படம் ஏறத்தாழ 1,180 புள்ளிகள் அகலம் இருக்கவேண்டும். அதனால் மூலப்படத்தைத் தேடி அலுமாரி, அல்பம், பழைய அடையாள அட்டை என்று வீட்டைக் கிளறவேண்டியிருக்கும். அப்படித் தேடும்போதுதான் அந்த வீட்டாரோடு பேசக் கற்றுக்கொள்கிறோம். வம்சாவளிப் பக்கத்தில் யாரின் பெயர் எங்கே வரவேண்டும், மருமக்கள் எப்படி இணைக்கப்படவேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்களின் பிள்ளைகள் பெயரை எப்படி எழுதவேண்டும் என்பவற்றை ஒழுங்குபடுத்துவது பெரிய நிறுவனங்களின் தகவல் வரைபடத்துக்குச் சற்றும் குறைந்த வேலையல்ல. வாசிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். எழுத்து சிறுத்தால் அவர்களுக்கு அந்தப் புத்தகம் இல்லை என்றே அர்த்தம். மெய்ப்பை இரண்டு பேரிடம் கொடுக்கவேண்டும்: உறவுமுறை தெரிந்த மூத்தவர் ஒருவர், எழுத்துக்கூட்டி வாசிக்கும் சின்னப்பிள்ளை ஒன்று. மூத்தவர் பெயர்களைத் திருத்துவார். பிள்ளை எழுத்துகளைத் திருத்தும். 31ஆம் நாளுக்குத் தவணை கேட்க முடியாது. இறந்தவரின் பெயரில் ஒரு குற்று விடுபட்டால் அதை அடுத்த பதிப்பில் சரிசெய்யவும் முடியாது. அந்தப் பாரம்தான் எம்மைக் கவனமுள்ளவர்களாக்கியது.

இரண்டாவது, பெயர்ப்பலகைகள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆனால் பஸ் நிலையத்திலும் வைத்தியசாலையிலும் அலுவலக வாசலிலும் தொங்கும் பலகைகளில் தமிழ் படும் பாட்டை நீங்கள் எல்லோரும் கண்டிருக்கிறீர்கள். ணகரம் னகரமாகும், ழகரம் ளகரமாகும், சில இடங்களில் சொல்லே வேறாகிவிடும். பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறோம். மொழி தெரியாத வைத்தியசாலைக்கு முதன்முறை போகும் ஒரு தாய்க்கு அது சிரிப்பல்ல.

பயணங்களில் கண்ட பலகைகளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, ஒவ்வொன்றையும் அதே அளவு இடத்துக்குள், மூன்று மொழிகளும் ஒரே தெளிவோடு தெரியும்படி ஏ4 தாளில் மீள அமைத்துப் பார்ப்பதை நாங்கள் ஒரு பயிற்சியாக வைத்துக்கொண்டோம. யாரும் கேட்கவில்லை. எங்கும் மாட்டப்போவதுமில்லை. ஆனால் பிழை எப்படி நேர்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. பலகையை அமைப்பவருக்குப் பெரும்பாலும் தமிழ் வாசிக்கத் தெரியாது. முதலில் மற்ற மொழிகளுக்கு இடம் ஒதுக்கிவிட்டு மிஞ்சியதைத் தமிழுக்குக் கொடுக்கிறார். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடியும் ‘எக்சிட்’ தமிழில் ‘வெளியேறும் வழி’ ஆகிறது. இடம் போதாதபோது எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குகிறார். நிமிர்ந்த கோடுகள் மெலிந்து, சுழிகள் அடைபட்டுப்போகின்றன. நாங்கள் கண்ட வழி எளிமையானது. நீளமான மொழியை முதலில் வைத்துப் பலகையைத் திட்டமிடவேண்டும். எழுத்தின் அளவை இலக்கத்தால் ஒப்பிடாமல் கண்ணால் ஒப்பிடவேண்டும், ஏனெனில் ஒரே இலக்கத்தில் வைத்தாலும் மூன்று மொழிகளும் ஒரே பருமனில் தெரிவதில்லை. எழுத்தை நசுக்காமல், ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்துருவைத் தேடவேண்டும், அல்லது பொருள் கெடாத இடத்தில் வரியை முறிக்கவேண்டும். இந்தப் பயிற்சிக்குப் பிறகு அலுவலகத்தில் மும்மொழி வேலை ஏதும் வந்தால் அது எமது மேசைக்கே வரத் தொடங்கியது. தமிழை இறுதியில் ஒட்டாமல் தொடக்கத்திலேயே அமைக்க அனுமதியும் கிடைத்தது.

மூன்றாவது, பழைய மலர்களைத் தட்டெழுதிக் கணினியில் ஏற்றும் வேலை. இதில்தான் எமது மொழியின் எழுத்தை உள்ளிருந்து அறிந்தோம்.

தமிழுக்கு 247 எழுத்துகள் என்று முதலாம் வகுப்பில் படித்தோம். ஆனால் யுனிகோட்டில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 128 மட்டுமே. அவையும் முழுமையாக நிரப்பப்படவில்லை. உயிரும் அகர மெய்யும் குறியீடுகளும் தனித்தனியே பதியப்பட, மற்றவற்றை மென்பொருள் சேர்த்துக் காட்டுகிறது. ‘கொ’ என்று எழுதும்போது உள்ளே ‘க’ முதலாவதாகவும் ஒகரக் குறி இரண்டாவதாகவும் இருக்கின்றன. திரையில் மட்டும் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் நிற்கிறது. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால் கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில் நிற்கும். ஆங்கிலத் தலைப்புகளில் அழகுக்காக எழுத்துகளை இடைவெளி விட்டு விரிப்பார்கள். அதே பழக்கத்தைத் தமிழில் காட்டினால் கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டு விலகிப்போகும். வரிகளுக்கு இடையிலும் ஆங்கிலத்தின் அளவு போதாது. மேலே விசிறி, கீழே சுழி என்று இருபுறமும் நீளும் எழுத்துகள் எம்முடையவை. மென்பொருள் தானாகத் தருவது எழுத்தளவின் 120 வீதம் என்றால், நாங்கள் 140 வீதத்துக்கு மேல் வைக்கிறோம்.

பழைய கணினிக் கோப்புகள் பல பாமினியில் இருக்கின்றன. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. ‘தமிழ்’ என்று நாம் காணும் சொல், கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே பதிந்திருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்தக் குப்பைதான் தெரியும். தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. யுனிகோட்டிலும் கவனம் வேண்டும். ‘ஸ்ரீ’ என்ற ஒன்றையே இரண்டு விதமாகப் பதியலாம். கண்ணுக்கு அவை ஒன்று, தேடும் கணினிக்கு இரண்டு. ‘கௌ’ என்பதைக் கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டினாலும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கல்லூரியின் பெயரோ ஓர் ஆசிரியரின் பெயரோ இப்படிப் பிழையாகப் பதிந்துவிட்டால், இருபது வருடம் கழித்து அவரைத் தேடும் பேத்திக்கு அவர் கிடைக்கமாட்டார்.

ஈய எழுத்துக் காலத்து மலர்களைப் புரட்டியபோது இன்னொன்றும் கண்டோம். ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை போன்ற பழைய வடிவங்களும் ணா, றா, னா ஆகியவற்றின் பழைய சுழிகளும் எம் வயதினர் பலருக்கு வாசிக்கத் தெரியாதவை. 1978இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் பின்னரே இன்றைய வடிவங்கள் பரவின. அந்தப் பக்கங்களை ஒவ்வோர் எழுத்தாகப் பெட்டியிலிருந்து பொறுக்கிக் கோத்தார்கள் அச்சுக்கோப்பாளர்கள். 1841இல் யாழ்ப்பாணத்தில் உதயதாரகையை வெளியிட்டவர்களும் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த ஆறுமுக நாவலரும் நடந்த வழி அது. எமது வேலை அந்த வழியின் தொடர்ச்சி என்று உணர்ந்தபோது, கணினியின் முன் இருந்து தட்டும் அலுப்புக் குறைந்தது.

இதெல்லாம் ஒரு தொழிலா என்று பெற்றோர் கேட்பது நியாயம். இந்நாட்டுப் பெண்கள் சிலரை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். 1918இல் கண்டியில் பிறந்த மினெற் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை அங்கத்தவரான முதலாவது ஆசியப் பெண். தும்பறைப் பாய் நெசவையும் அரக்கு வேலையையும் தமது நவீன வீடுகளுக்குள் கொண்டுவந்தவர் அவர். ஈனா டி சில்வா வீட்டில் தொடங்கிய பற்றிக் வேலையை மாத்தளை அளுவிகாரைப் பெண்களின் வாழ்வாதாரமாக வளர்த்தார். பார்பரா சன்சோனி, கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவு நிலையத்துக்கு நிறங்கள் அமைத்துக் கொடுக்கத் தொடங்கி, கைத்தறியின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றார். கருவி இல்லையே என்று கவலைப்படும் தங்கைமாருக்கு இன்னொரு பெயர்: சூசன் கெயார். 1984இல் வெளிவந்த அப்பிள் மக்கின்ரொஷ் கணினியின் சின்னங்களை அவர் முதலில் வரைந்து பார்த்தது சதுரக் கோட்டுத் தாளில். உங்கள் கணிதக் கொப்பியில் 32 பெட்டிக்கு 32 பெட்டி எடுத்து இன்றிரவே நீங்களும் தொடங்கலாம்.

படிப்பதற்கும் வழி உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது. அதற்கு உளச்சார்புப் பரீட்சை எழுதவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் கற்கலாம். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. எங்கே படித்தாலும், உங்களைத் தெரிவுசெய்பவர் கேட்பது நீங்கள் செய்து முடித்த வேலையைத்தான். பத்து அழகான அட்டைப்படங்களைவிட, என்ன தேவை இருந்தது, என்ன முயன்றோம், யாரிடம் காட்டினோம், எதை மாற்றினோம் என்று சொல்லக்கூடிய ஒரு முழு வேலை அதிகம் பேசும். ஆகவே சிறியதாக எடுங்கள், முடிவுத் திகதி வையுங்கள், முடியுங்கள். திருட்டு எழுத்துருக்களைத் தொடாதீர்கள். நொட்டோ, கட்டமரான், முக்தா மலர் போன்ற திறந்த உரிமத் தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இப்போது சற்றுக் கசப்பான ஒன்று. எமது சொந்த விருப்பில் செய்யும் வேலை வேறு. பிறருடைய வேலையைச் சம்பளமின்றிச் செய்வது வேறு. ‘சின்ன டிசைன்தானே பிள்ளை, அரை மணித்தியாலம்தானே’ என்ற வார்த்தையை எம்மில் எவரும் கேட்காமல் இருந்ததில்லை. பெண்பிள்ளைகளிடம் அது இன்னும் இலகுவாகக் கேட்கப்படுகிறது, ஏனெனில் மறுப்பது மரியாதைக்குறைவு என்று எம்மை வளர்த்திருக்கிறார்கள். அந்த அரை மணித்தியாலம் பல இரவுகளாகும். ஐந்து பேர் ஐந்து விதமாகத் திருத்தம் சொல்வார்கள். இறுதியில் நன்றியுரையில் அச்சகத்தின் பெயர் வரும், ஒலிபெருக்கிக்காரரின் பெயர் வரும், வடிவமைத்தவளின் பெயர் வராது. இப்படிச் சலித்துத் துறையையே விட்டுப் போனவர்களை நாங்கள் அறிவோம்.

நினைவு மலருக்குப் பணம் கேட்கவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. துக்க வீட்டுக்குச் செய்யும் உதவி உதவியேதான். ஆனால் வியாபாரத்துக்கும் அமைப்புகளுக்கும் செய்யும் வேலைக்கு நாங்கள் நான்கு நிபந்தனைகளை எமக்குள் வகுத்துக்கொண்டோம். என்ன வேலை என்பது எழுத்தில் இருக்கவேண்டும். முடிவு சொல்பவர் ஒருவராக இருக்கவேண்டும். திருத்தம் இரண்டு தடவைக்கு மேல் இல்லை. தொகை சிறிதானாலும் முற்கூட்டியே பேசப்படவேண்டும். பணம் தரமுடியாத பொதுப்பணி என்றால் செய்தவரின் பெயராவது அச்சிடப்படவேண்டும். இந்நான்கையும் பணிவாகச் சொன்னபோது மறுத்தவர்கள் மிகச் சிலரே. கேட்காததால்தான் கிடைக்காமல் இருந்தது என்பது பல இடங்களில் உண்மை.

சங்கத்திடம் எமது வேண்டுகோளும் இதைத் தொட்டதே. உலகமெங்கும் கிளைகள் உள்ள சங்கம் இது. அழைப்பிதழ், செய்திமடல், இணையத்தளம், புலமைப்பரிசில் விண்ணப்பம் என்று வருடம் முழுவதும் உங்களுக்கு வேலைகள் இருக்கின்றன. அவற்றை இளைய பழைய மாணவிகளுக்கு, மேற்சொன்ன நிபந்தனைகளோடு தாருங்கள். அவர்களுக்கு அது முதலாவது முழு வேலையாக அமையும். அச்சகம், பதிப்பகம், விளம்பரத் துறைகளில் இருக்கும் அக்காமார்கள் மாதம் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி ஒருத்தியின் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள். ரொறன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் திரையில் பேசினாலே போதும்.

இன்னொன்று, காலத்தோடு போட்டியிடும் வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரிகளில் பழைய கல்லூரி மலர்கள், விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சிநிரல்கள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், நாடகத் துண்டுப்பிரசுரங்கள் இருக்கலாம். இடப்பெயர்வுகளில் பெட்டியோடு விட்டுவந்தவை போக எஞ்சியவை அவை. அவற்றுக்குக் கறையானும் ஈரமும் எதிரிகள். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு, ஒரே பிரதியாக இருக்கும் எதுவும் பாதுகாப்பானதல்ல என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை. 2005 முதல் நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் வாசிக்கும்படி சேமித்து வருகிறது. சிறப்பு மலர்களும் அங்கே இடம்பெறுகின்றன. உங்களிடம் உள்ளவற்றை அனுப்புங்கள், அல்லது வெளிச்சமான இடத்தில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் நேராகப் படமெடுத்து, வட்ஸ்அப்பில் சுருங்காமல் கோப்பாக அனுப்புங்கள். தட்டெழுதுவதையும் ஒழுங்குபடுத்துவதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பழைய எழுத்துகளை வாசித்துச் சொல்ல மட்டும் மூத்தவர்கள் எம்மோடு இருக்கவேண்டும்.

தங்கைமார்களே, நாங்கள் பேசிய வேலைகளில் ஒன்றுக்கும் விலையுயர்ந்த கணினி தேவைப்படவில்லை. ஊரில் ஒரு தேவை இருந்தது, அதைக் கண்டு எடுத்துக்கொள்ளும் மனம் இருந்தது, முடிக்கும் வரை விடாத பிடிவாதம் இருந்தது. அந்தப் பிடிவாதத்தை எமக்குத் தந்தது இந்தக் கல்லூரி.